அமெரிக்கன் மாவும் எங்கட சீனி வருத்தமும்

சீனி வருத்தக்காரர் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் கிளினிக்கில் சொன்ன அதே அறிவுரைதான். பாணைக் குறையுங்கோ, கோதுமை மாவை விடுங்கோ, தேத்தண்ணிக்குச் சீனி போடாதேங்கோ, குரக்கன் சாப்பிடுங்கோ, நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ. இதில் பிழையாக எதுவும் இல்லை. ஆனால் இதைச் சொல்லுகிற தொனிக்குள்ளே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சனம் நல்லதைச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தது, பிறகு வந்தவர்கள் வாயைக் கட்டத் தெரியாமல் வருத்தத்தைத் தேடிக்கொண்டார்கள் என்பதுதான் அந்த வரலாறு. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆக்களாக எங்களுக்கு அந்த இடத்தில்தான் ஒரு கேள்வி வருகிறது. கோதுமை விளையாத ஒரு தீவில், அதுவும் குரக்கனும் வரகும் பனையும் இருந்த வடக்குக் கிழக்கில், காலையும் இரவும் கோதுமை மா எப்படி வந்து குந்தினது? எங்கட அம்மம்மாமாருக்கு நாக்கு நீண்டதால் மட்டும் வந்ததா?

முதலில் அந்தப் 'பழைய காலம்' பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முகநூலில் இப்ப ஓடித்திரிகிற 'பாரம்பரிய உணவு' படங்களைப் பார்த்தால், முன்னைய யாழ்ப்பாணத்தில் எல்லாரும் மொட்டைக்கறுப்பன் சோறும் ஒடியல் கூழும் குடித்து நூறு வயது வரைக்கும் இருந்தது போல் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. ஒடியல் பிட்டும் குரக்கன் களியும் பெரும்பாலும் சோற்றுக்கு வழியில்லாதவர்களின் சாப்பாடு. வெள்ளைச் சோறு கௌரவம், களி வறுமை என்ற கணக்கு அமெரிக்கன் மா வருவதற்கு முன்னமே எங்கட ஊர்களில் இருந்தது. அதோடு மலேரியாவும் இருந்தது. 1934–35 இல் இலங்கையில் பரவிய மலேரியாவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஏற்கனவே வறட்சியால் வயிறு காய்ந்திருந்த இடங்களில்தான் அது கூடக் கொன்றது. ஆகவே பழைய காலத்தை வணங்குவதற்கு நாங்கள் இதை எழுதவில்லை. அந்தச் சாப்பாட்டில் தவிடும் நாரும் இருந்தன, அதைச் சாப்பிட்ட உடம்பு நாள் முழுக்க வேலை செய்தது. இந்த இரண்டையும் மட்டும் இப்போதைக்குக் குறித்து வைப்போம்.

இன்னொன்றையும் குறித்து வைக்க வேண்டும். இலங்கை தன் சோற்றுக்குப் பிற நாடுகளில் தங்கியிருந்தது நேற்று இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. பிரித்தானியர் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த தொழிலாளருக்கான அரிசியும் கப்பலில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தத் தீவு சாப்பிட்ட அரிசியில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும் பங்கு பர்மா அரிசி.

1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. எங்கட பாடப் புத்தகங்களில் குண்டுகள் இருக்கின்றன, ஆனால் குசினிக்குள் விழுந்த இடி இல்லை. பர்மா அரிசி நின்றுபோனது. அந்த ஆண்டிலேயே அரிசிக்குப் பங்கீடு வந்தது. பங்கீட்டு அரிசி போதாத இடத்தை நிரப்ப அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கோதுமை மா இறக்கப்பட்டது. 'கூப்பன்' என்ற சொல் எங்கட வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான். கூப்பன் அரிசி, கூப்பன் மா, கூப்பன் சீனி. ஒரு குடும்பம் இந்தக் கிழமை என்ன சாப்பிடும் என்பதை முதல் தடவையாக ஓர் அரசாங்க அலுவலகம் தீர்மானித்தது. அதற்கு முன் பாண் என்றால் பட்டணத்துச் சாமான். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது, பேக்கரிக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் சாப்பாடு. கூப்பனோடுதான் கோதுமை ஊர்களுக்குள் நடந்து போனது.

போர் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. மானிய விலை அரிசி சனத்தின் உரிமை மாதிரி ஆகிவிட்டது, அது நல்லதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். 1953 இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம், ஜே.ஆர். ஜயவர்தன நிதியமைச்சராக இருந்தபோது, 25 சதமாக இருந்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 70 சதமாக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மதியச் சாப்பாடும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன, தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலுக்குள் போய்க் கூடவேண்டிய நிலை வந்தது. ஒக்ரோபரில் டட்லி பதவி விலகினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கோபத்தில் வீதிக்கு வந்த அருமையான ஒரு நாள் சோற்றுக்காக வந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் அரிசி விலையில் கைவைக்கப் பயந்தது. ஆனால் அரிசிக்குப் பணம் வேண்டும். அப்படியென்றால் சனத்தின் வயிற்றை மலிவாக நிரப்ப வேறு என்ன இருக்கிறது?

அதற்கான பதில் அமெரிக்காவில் இருந்தது. அங்கே விவசாயிகள் விளைவித்த கோதுமை களஞ்சியங்களில் மிஞ்சிக் கிடந்தது. 1954 இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480 என்ற ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. மிஞ்சிய தானியத்தைச் சலுகைக் கடனிலும் உதவியாகவும் வறிய நாடுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அமெரிக்க விவசாயிக்கு விலை விழாது, அமெரிக்காவுக்கு நண்பர்கள் கிடைப்பார்கள், வாங்குகிற நாட்டுக்கு டொலர் மிச்சம். எல்லாருக்கும் இலாபம் போலத் தெரியும். எங்கட ஆக்கள் கோதுமை மாவுக்கு வைத்த பெயரிலேயே இந்த வரலாறு முழுக்க இருக்கிறது: அமெரிக்கன் மா. இன்றைக்கும் வயசான ஆக்கள் கடையில் அப்படித்தான் கேட்பார்கள்.

இந்த மா எங்கட குசினிக்குள் நுழைந்த விதம் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. பாண் சுட வீட்டில் போறணை இல்லை. றொட்டி தட்டலாம், ஆனால் எங்கட காலைச் சாப்பாடு பிட்டும் இடியப்பமும். கோதுமை மாவில் தண்ணி பட்டால் அது ரப்பர் மாதிரி இழுபடும், பிட்டுக் குழைத்தால் கட்டிபடும். அதற்கு யாரோ ஒரு பெண், இல்லை ஒரே நேரத்தில் நூறு பெண்கள், ஒரு வழி கண்டார்கள். மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து, அரிதட்டில் அரித்தெடுப்பது. ஆவி பட்டதும் கோதுமையில் இருக்கிற குளுட்டன் என்ற புரதம் தன் இழுவையை விட்டுவிடும். பிறகு அந்த அவிச்ச மா அரிசி மா மாதிரியே நடந்துகொள்ளும். நீத்துப்பெட்டியில் பிட்டாகும், உரலில் இடியப்பமாகும். இதை எந்த உணவுத் தொழில்நுட்பப் புத்தகமும் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயரில்லாத இந்தக் கண்டுபிடிப்புத்தான் அமெரிக்கக் களஞ்சியத்துக் கோதுமையைத் தமிழ்ச் சாப்பாடாக்கியது. பிட்டு பிட்டாகவே இருந்தது. அதனால் உள்ளே இருந்தது மாறிவிட்டதைக் கனபேர் கவனிக்கவில்லை.

உள்ளே என்ன மாறியது? தீட்டாத சிவப்பரிசியை ஊறப்போட்டு இடித்து வறுத்தெடுத்த மாவில் தவிடும் நாரும் இருக்கும். வெள்ளைக் கோதுமை மா என்பது தானியத்தின் தோலையும் முளையையும் நீக்கியபின் மிஞ்சுகிற மாப்பொருள். அது வயிற்றுக்குள் கெதியாய்க் குளுக்கோசாகி இரத்தத்தில் ஏறும், கெதியாய்ப் பசிக்கவும் செய்யும். அரிசியிலும் இதேதான் நடந்தது. ஆலைகளில் தீட்டின வெள்ளைப் பச்சையரிசி வீட்டில் குத்தின அரிசியின் இடத்தைப் பிடித்தது. உலக்கை மூலைக்குப் போனது. உலக்கை போனதில் பெண்களுக்கு விடுதலையும் இருக்கிறது என்பதை மறந்து எழுதுகிற ஆண்களோடு எங்களுக்குச் சண்டை உண்டு.

1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி, முன்னைய அரசாங்கம் குறைத்த அரிசிப் பங்கீட்டைத் திருப்பித் தருவோம் என்று சொல்லி வென்றது. ஆனால் 1972 இற்கும் 1974 இற்கும் இடையில் உலகச் சந்தையில் கோதுமை விலை இரண்டு மடங்குக்கும் மேலே போனது, எண்ணெய் விலையும் ஏறியது. என்.எம். பெரேரா நிதியமைச்சர், திறைசேரியில் டொலர் இல்லை. பங்கீடு வெட்டப்பட்டது, அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவே கட்டுப்பாடு வந்தது, பாணுக்கு விடியமுன் வரிசை. மரவள்ளிக்கிழங்கு அந்தத் தலைமுறையின் நினைவில் இன்னும் அவிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் காலத்தை யாழ்ப்பாணத்தில் கேட்டால் வேறு கதை சொல்லுவினம். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்யத் தடை என்பதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கையில் காசு பிழங்கியது. அந்தக் காசு தோட்டத்தையே மாற்றியது. அதற்கு முன் தண்ணி இறைப்பதென்றால் துலா. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணி கட்ட, விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும் வரை வேலை. இப்போது கிணற்றுக் கட்டில் மண்ணெண்ணெயில் ஓடுகிற மெசின் வந்து இருந்தது. மூன்று பேரின் வேலை போனது. துலா பொறுமையாகக் கொடுத்த தண்ணியை மெசின் அள்ளிக் கொட்டியது. அதோடு யூரியாவும். யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணிதான் தோட்டத்துக்கும் வீட்டுக்கும். வெடிப்பும் துவாரமும் உள்ள அந்தக் கல் மேலே போட்டதைக் கீழே மறைக்காமல் விடும். பசளையின் நைத்திரேற்றும், மலசலகூடக் குழிகளின் கழிவும் ஒரே தண்ணிக்குள் இறங்கின. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டியிருப்பதை 1980கள் தொட்டு ஆய்வாளர்கள் அளந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணியில் இது கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற வேலையே குழம்பும். எங்கட பெரியாக்கள் பெருமையாய்ச் சொல்லுகிற 'மிளகாய்க் காலம்' எங்கட கிணற்றுக்குள் இன்னும் முடியவில்லை.

அதே ஆண்டுகள் மலையகத்தில் எப்படிப் போனது என்பதை யாழ்ப்பாணம் பெரிதாகப் பேசுவதில்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்குச் சொந்தக் காணி இல்லை, வயல் இல்லை. லயத்துக்கு முன்னால் ஒரு துண்டு நிலம், கையில் கூலி, கூப்பனில் வருகிற அரிசியும் மாவும். அவ்வளவுதான் வாழ்க்கை. கூப்பன் சுருங்கியதும் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு வேறொன்றும் இருக்கவில்லை. 1974 இல் தோட்டங்களில் சாவு வீதம் திடீரென்று ஏறியது. நாட்டின் மற்ற இடங்களை விட மிகவும் மேலே. அது பஞ்சம். எங்கட தேசிய வரலாற்றில் அதற்கு அந்தப் பெயர் இன்னும் வைக்கப்படவில்லை. அங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்களோடு இப்ப ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள்.

1977 இல் ஜே.ஆர். வந்தார், கதவு திறந்தது. இறக்குமதி வெங்காயத்தோடு யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் நல்ல காலம் முடிந்தது. அடுத்த ஆண்டு பங்கீடு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979 இல் கூப்பனே போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் ரூபா எழுதியிருக்கும், கொத்து எழுதியிருக்காது. விலை ஏற ஏற முத்திரையின் பெறுமதி கரைந்தது. அதே நேரம் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து 1980 இல் திருகோணமலையில், சீனன்குடாப் பக்கம், பெரிய மா ஆலை திறந்தார்கள். மாவாக வந்துகொண்டிருந்த கோதுமை இனித் தானியமாகக் கப்பலில் வந்தது. ஒப்பந்தத்தின் ஒரு விபரம் எங்களைப் பிடித்து நிறுத்தியது. அரசாங்கம் கோதுமையைக் கொடுக்கும், ஆலை வெள்ளை மாவைத் திருப்பிக் கொடுக்கும், அரைத்த கூலியாக ஆலைக்குத் தவிடு. தவிட்டுக்கு மாட்டுத் தீவனமாக நல்ல சந்தை இருந்தது. எந்தப் பகுதியைச் சாப்பிடச் சொல்லி இன்றைக்குக் கிளினிக்கில் மன்றாடுகிறார்களோ, அந்தப் பகுதி கூலியாகப் போனது. யாரும் சதி செய்யவில்லை. கணக்கு அப்படி வந்தது, அவ்வளவுதான்.

பிறகு யுத்தம். 1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி ஏராளம் எழுதியிருக்கிறார்கள், நாங்கள் உடம்பைப் பற்றி மட்டும் சொல்லுகிறோம். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பசளை இல்லை. சைக்கிளில்தான் விறகும் நெல்லும் நோயாளியும் போனது. அம்மா அப்பாமாரின் இளமைப் படங்களில் ஏன் எல்லாரும் தடி மாதிரி நிற்கிறார்கள் என்று யோசித்தால் அதற்கு இது பாதி விடை. மீதி விடை பசி. அதை ஆரோக்கியம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் கைக்குக் கிடைத்தது நிவாரணம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். 1995 வலிகாமம் இடப்பெயர்வில் இருந்து 2009 இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்களை அடைத்துவைத்த மெனிக் பாம் வரைக்கும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. மா கெடாது, மூட்டையில் ஏற்றலாம், எண்ணிக் கொடுக்கலாம். மரக்கறியையும் மீனையும் அப்படிச் செய்ய ஏலாது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு றொட்டிதான் முதல் சாப்பாடு. (வன்னியில் அந்தக் காலம் பாணுக்கு 'வெதுப்பி' என்று தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள். 'வெதுப்பகம்' என்ற பலகை இப்பவும் பல ஊர்களில் தொங்குகிறது. பெயரைத் தமிழாக்கினோம், தானியத்தை ஆக்க முடியவில்லை.)

இங்கே ஓர் உடலியல் விசயம். நெதர்லாந்தில் 1944–45 பனிக்காலத்தில் நாசிகளின் முற்றுகையால் பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, இரத்தத்தின் சீனியைக் கட்டுப்படுத்துகிற திறன் மற்றவர்களை விட அவர்களுக்குக் குறைந்திருந்தது. பட்டினிக்குப் பழகி உருவான உடம்பு, பிறகு நிறையச் சாப்பாடு வரும்போது தடுமாறுகிறது. 1974 இன் தோட்டத்துத் தாய்மாருக்கும் 2009 இன் வன்னித் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகளை இந்தக் கண்ணோடு யாராவது பார்க்க வேண்டும்.

2009 இற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. ஏ9 பாதை, லீசிங்கில் மோட்டார் சைக்கிள், வெளிநாட்டுக் காசு, பெரிய போத்தல் சோடா, சந்திக்குச் சந்தி கொத்துறொட்டி. சைக்கிள் தாழ்வாரத்தில் துருப்பிடித்தது. 2016 இலிருந்து சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறக்குறி போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் தேத்தண்ணிக் கோப்பைக்கு நிறக்குறி கிடையாது.

இலங்கையின் நீரிழிவு பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2005–06 காலத்தில் நடந்த தேசிய ஆய்வு. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு, நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். இந்த எண்களைத்தான் கருத்தரங்குகளிலும் பத்திரிகைகளிலும் 'இலங்கையில்' என்று போடுவார்கள். ஆய்வு நடந்தது ஒன்பது மாகாணங்களில் ஏழில். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. கூப்பனாலும் தடையாலும் நிவாரணத்தாலும் அதிகம் மாறிய உடம்புகள் இருந்த இரண்டு மாகாணங்கள் அந்த எண்ணுக்கு வெளியே நின்றன.

இனி, இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கிளினிக்குக்குப் போனால் சீனி குறையுமா? குறையாது. பாணைக் குறைக்கத்தான் வேண்டும், நடக்கத்தான் வேண்டும். எங்களுக்குக் கோபம் வருவது, எழுபது வருசமாக மலிவு என்று சொல்லிச் சொல்லி ஊட்டிய ஒரு சாப்பாட்டின் கணக்கை, கடைசியில் கூலி வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் தலையில் 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதிவிடும்போதுதான். கடைக்குப் போய்க் குரக்கன் மா, சிவப்பரிசி மாப் பைக்கற்றுகளின் விலையையும் கோதுமை மாவின் விலையையும் ஒருக்காப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஏழையின் சாப்பாடாக இருந்த குரக்கன் இப்ப வசதியானவர்களின் சாப்பாடு. 2022 நெருக்கடியில் கோதுமை மா விலையும் எகிறியபோது கனவீடுகள் போனது குரக்கனுக்கு இல்லை, ஒரு நேரச் சாப்பாட்டை விடுகிறதுக்கு.

அடுத்த மாதத்திலிருந்து நாங்கள் சில பேர் எங்கட ஊர்களில் பழைய கூப்பன் புத்தகங்களைத் தேடப்போகிறோம். சங்கக்கடைகளில் வேலை செய்தவர்கள், துலா மிதித்தவர்கள், அவிச்ச மாவில் முதல் பிட்டு அவித்த நினைவுள்ள அம்மம்மாமார், தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். உங்கட வீட்டில் யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் எந்த ஆண்டிலிருந்து இரவில் சோறு நின்றது என்று கேளுங்கோ.